ஒளிப்பியல்: நத்தார்ப் பரிசும் பத்தடிக் காம்பராவும்

தமிழில் ‘ஒளி’ என்ற சொல்லுக்கு ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று வெளிச்சம். மற்றது, வெளிச்சம் படாத இடமாகப் பார்த்து ஒன்றைப் பதுக்குவது. முதல் பொருளுக்கு ஒளியியல் என்று ஒரு துறையே இருக்கிறது. வில்லை, ஆடி, நிறமாலை என்று பல்கலைக்கழகங்கள் அதற்கு ஆய்வுகூடம் கட்டிக் கொடுத்திருக்கின்றன. இரண்டாவது பொருள் இன்றுவரை தாய்மாரின் கைப்பழக்கமாகவே கிடக்கிறது. டிசம்பர் மாதத்தில் மட்டும் இரண்டு ஒளிகளும் ஒரே தகரத்தின் கீழ் வந்து சேருகின்றன. இஸ்தோப்பில் நட்சத்திரக் கூடு ஒளிவிடும். அதற்கு நாலு முழம் உள்ளே பிள்ளைக்கு வாங்கிய சப்பாத்து ஒளிந்திருக்கும். இக்கட்டுரை அந்தச் சப்பாத்தைப் பற்றியது. துறைக்கு ஒரு பெயர் வேண்டுமென்பதால் ஒளிப்பியல் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வுக்களம் உடப்புசல்லாவைத் தேயிலைத் தோட்டங்களின் லயங்கள், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகள். காலம் கொவிட் தொற்றின் முதலாவது நத்தார், அதாவது 2020 டிசம்பர் 25, வெள்ளிக்கிழமை. ஆய்வுமுறை பற்றி ஒரு வார்த்தை: வீடு வீடாகப் போய்க் கேள்விக்கொத்து நிரப்பும் வழக்கம் இங்கே கைக்கொள்ளப்படவில்லை. “பரிசை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?” என்று இஸ்தோப்பில் நின்று கேட்ட அந்த நொடியிலேயே ஆய்வுப்பொருள் அழிந்துவிடும். ஆகவே சம்பள நாள், மழை, சுவர், பஞ்சாங்கம் ஆகிய பொதுச் சான்றுகளே இங்கே சாட்சிக் கூண்டில் ஏறுகின்றன.

அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் உலகமெங்கும் ஓர் அறிவுரை சுற்றிவந்தது: நத்தார்ச் சாமான்களை முன்கூட்டியே வாங்குங்கள், சிக்கனமாக வாங்குங்கள். கடைகள் எந்த நாளும் மூடப்படலாம், தபால் தாமதமாகலாம், கையில் காசு குறையலாம் என்பவை காரணங்கள். அறிவுரை சொன்னவர்கள் நேரத்தையும் கணக்கிட்டார்கள், பணத்தையும் கணக்கிட்டார்கள். வாங்கியதை இரண்டு மாதம் எங்கே வைப்பது என்பதை ஒருவரும் கணக்கிடவில்லை. படிக்கட்டின் அடியில் ஓர் அலுமாரி, மேலே ஒரு மச்சு, வாகனம் நிறுத்த ஒரு கொட்டில் என்று இருக்கும் வீட்டில் அந்தக் கேள்வியே எழாது. லயத்தின் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் எழும் ஒரே கேள்வி அதுதான். கடை என்பது பொருள் விற்கும் இடம் என்று பொருளியல் நூல்கள் சொல்வதை நான் அரைகுறை உண்மையாகவே கொள்கிறேன். லயத்து வாழ்வில் கடையின் தலையாய தொழில், பரிசைப் பண்டிகைவரை ஒளித்து வைத்துத் தருவது. பெருந்தொற்று கடைகளைப் பூட்டியபோது விற்பனை நின்றதைவிட அந்த ஒளிப்பிடம் பறிபோனதுதான் பெரிய இழப்பு. இதை நிறுவுவதே இனி வரும் பக்கங்களின் வேலை.

களத்தை ஏன் அட்டனுக்கோ தலவாக்கலைக்கோ கொண்டுபோகாமல் உடப்புசல்லாவையில் வைத்தோம் என்று கேட்கலாம். தேயிலைக்காரர்கள் இலங்கையை ஏழு பிரதேசங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் உடப்புசல்லாவைக்குத் தனி இடம். நுவரெலியாவுக்குக் கிழக்கே, கந்தப்பளை, இராகலை, ஹல்கரனோயா என்று இறங்கிப் போகும் இந்தச் சரிவு வடகீழ்ப் பருவக்காற்றைப் பார்த்தபடி இருக்கிறது. நவம்பரில் தொடங்கி ஜனவரிவரை மழையும் மூட்டமும் இதன் பங்கு. ஆடி ஆவணியில் காற்று காயும்போது வரும் கொழுந்துதான் இங்கே பேர்போனது. அட்டன் பக்கம் மழைக்காலம் வேறு. நத்தார் நெருங்கும்போது அங்கே ஈரம் விடைபெறத் தொடங்கியிருக்கும். உடப்புசல்லாவையிலோ பரிசை ஒளிக்க வேண்டிய வாரங்களும் சுவர் வியர்க்கும் வாரங்களும் ஒன்றே. தோலில் பூஞ்சணம், துணியில் புழுங்கல் வாடை, அட்டைப்பெட்டியில் ஊறல். ஒளிப்பியல் என்ற துறைக்கு இதைவிடக் கடுமையான பரிசோதனைக்கூடம் தீவில் கிடையாது. போக்குவரத்தும் ஆய்வாளனுக்கு வாய்ப்பானது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைவரை ஒரு காலத்தில் ஒடுங்கிய பாதை ரயில் ஓடியது. 1940கள் முடிவதற்குள் அதையும் மூடிவிட்டார்கள். பஸ் நின்றால் எல்லாம் நின்றது என்பது இங்கே அணியல்ல, நேர வாக்கியம்.

பஸ் நின்றது. 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு. மே மாதத்தில் அத்தியாவசியத் தேவைக்கு வெளியே போக அடையாள அட்டையின் கடைசி இலக்கம் பார்த்தார்கள்: திங்கள் 1, 2, செவ்வாய் 3, 4, புதன் 5, 6, வியாழன் 7, 8, வெள்ளி 9, 0. கணவனுக்கு 3, மனைவிக்கு 8 என்றால் செவ்வாயும் வியாழனும் ஆளுக்கொரு கடைவாசல். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்த காலத்தில் கடைசி இலக்கத்தையும் ஒரு பொருத்தமாகச் சேர்த்திருக்கலாம் என்று பெரியவர்கள் அப்போது வருந்தியிருந்தால் நியாயமே. ஜூன் முடிவில் ஊரடங்கு முழுதாக நீங்கியது. ஒக்டோபர் தொடக்கத்தில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பிறகு பேலியகொடை மீன் சந்தையிலும் தொற்று கிளம்ப, மாத முடிவில் மேல் மாகாணம் மறுபடி பூட்டப்பட்டது. நவம்பர் 14ஆம் திகதித் தீபாவளியை ஒட்டி மேல் மாகாணத்தை விட்டு வெளியேறவும் தடை வந்தது. புறக்கோட்டைக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகளுக்குப் பண்டிகை என்றால் ஊருக்குப் போகும் பெட்டி. அந்தப் பெட்டி கொழும்பிலேயே நின்றது. இதில் ஒரு முரணை ஆய்வாளர் கவனிக்க வேண்டும். ஊரடங்கிலும் தோட்ட வேலை நிற்கவில்லை. 1883 முதல் கொழும்பில் ஆட்கள் கூடி நடத்திவந்த தேயிலை ஏலம்கூட 2020 ஏப்ரலில் முதல் தடவையாக இணையத்துக்கு ஏறியது. உடப்புசல்லாவைத் தேயிலை கொழும்புக்கு இறங்கலாம்; கொழும்பிலிருக்கும் உடப்புசல்லாவைப் பிள்ளை மேலே ஏற முடியாது. ஏறினாலும் 14 நாள் தனிமைப்படுத்தல் என்பது அக்காலப் பொது நியதி. வெள்ளிக்கிழமை விடியும்போது விடுபட்டிருக்க வேண்டுமென்றால் 11ஆம் திகதிக்குள் வந்து இறங்க வேண்டும். பரிசும் கொண்டுவந்தவரும் ஒரே காம்பராவில் சேர்ந்தே அடைபடுவார்கள் என்பதால் ஒளிப்பியல் கோணத்தில் இது படுதோல்வி.

இனிப் பஞ்சாங்கம். தோட்டத்தில் மாதச் சம்பளம் 10ஆம் திகதி. தீபாவளியோ சந்திரனைப் பார்த்து நகரும், நத்தார் அசையாது. இரண்டுக்கும் நடுவே எத்தனை சம்பள நாள் விழுகிறது என்பதே பரிசின் விதி. 2019இல் தீபாவளி ஒக்டோபர் 27. நத்தாருக்கு முன் நவம்பர் 10, டிசம்பர் 10 என்று இரண்டு சம்பளம், 59 நாள் மூச்சுவிட இடம். 2020இல் தீபாவளி நவம்பர் 14. நவம்பர்ச் சம்பளம் எண்ணெய்ச் சட்டியில் விழுந்துவிட்டது. மிச்சம் ஒரே சம்பளம், 41 நாள். 2021இல் நவம்பர் 4, மறுபடி இரண்டு சம்பளம். 2023இல் நவம்பர் 12, திரும்பவும் ஒன்று. ஆகவே, தீபாவளி நவம்பர் 10ஐத் தாண்டினால் நத்தாருக்கு ஒற்றைச் சம்பளம் என்ற பொதுவிதி கிடைக்கிறது. தொற்று இல்லாதிருந்தாலும் 2020 ஓர் ஒற்றைச் சம்பள ஆண்டுதான். வைரசின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சந்திரன் தப்பித்துக்கொண்டது. கிறிஸ்தவக் குடும்பத்துக்குத் தீபாவளிச் செலவு எதற்கு என்று கேட்பவர் லயத்தைத் தூரத்திலிருந்து பார்த்தவர். பக்கத்துக் காம்பராவிலிருந்து முறுக்குத் தட்டு வந்தால், தட்டு வெறுமனே திரும்பிப் போகாது. பண்டிகை முற்பணம் ஆளுக்கொன்று உண்டு, நத்தார்க்காரர் நத்தாருக்கு வாங்கிக்கொள்ளலாமே என்றால், அதுவும் மாதா மாதம் சம்பளத்தில் பிடிக்கப்படும் கடன். பெயரிலேயே முன்னால் வருவது என்று இருக்கிறதே தவிர, அது பின்னால் துரத்துவது.

விலையை ரூபாவில் சொல்வதைவிடப் பேரில் சொல்வது சரி. பேர் என்றால் செக்ரோலில் விழும் ஒரு நாள் வேலை. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். 2019 ஜனவரிக் கூட்டு ஒப்பந்தப்படி 2020இல் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. அதில் 8 வீதம், அதாவது 56 ரூபா, சேமலாப நிதிக்குப் போய்விடும். ஆகவே ஒரு சோடிச் சப்பாத்தைத் தூக்கிப் பார்க்கும் தாய் விலைச்சீட்டில் எண்களைப் பார்ப்பதில்லை. மலையில் எத்தனை விடியற்காலை என்று பார்க்கிறாள். இரண்டு பேர் சப்பாத்து, மூன்று பேர் உடுப்பு என்று மனம் தானே மாற்றிக்கொள்ளும். ‘எத்தனை பேருக்குப் பரிசு?’ என்ற சாதாரணக் கேள்வி மலையகத்தில் இரட்டுற மொழிதலாவது இதனால்தான். முன்கூட்டித் திட்டமிட்ட பரிசு என்ற வகைக்கு இங்கே ஒரு செவ்வியல் உதாரணமும் உண்டு. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்ற கோரிக்கை 2015 முதல் இருந்தது; 2020 மார்ச்சில் தருவதாக அறிவித்தார்கள்; 2021 மார்ச்சில் 900 அடிப்படையும் 100 கொடுப்பனவுமாக வர்த்தமானியில் வந்தது. அறிவித்த பிறகு ஓராண்டு முழுவதும் ஒருவர் கண்ணிலும் படாமல் ஒளித்து வைக்கப்பட்ட பரிசு இதுவொன்றே. அது எந்தப் பரணில் இருந்தது என்பதை ஒளிப்பியல் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இப்போது கடைக்கு வருவோம். சாதாரண ஆண்டுகளில் புடவைக்கடையில் உடுப்பைத் தெரிந்து, கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து, “எடுத்து வைங்கண்ணே, சம்பளத்துக்கு வந்து மிச்சத்தைக் கட்டுறேன்” என்று சொல்லிவிட்டு வருவது எங்கும் உள்ள வழக்கம். கடைக்காரர் துண்டுச்சீட்டில் பெயரெழுதிக் குத்தி மேல்தட்டில் வைப்பார். தையல்காரரிடம் துணி கொடுத்தால் இன்னும் நல்லது. அவர் எப்படியும் பண்டிகைக்கு முதல்நாள்வரை தரமாட்டார் என்பதால், ரகசியம் காப்பதில் அவருக்கு இணை கிடையாது. கடையின் தட்டு காய்ந்தது, எலியில்லாதது, பூட்டுடையது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையிடமிருந்து மைல் கணக்கில் தள்ளியிருப்பது. இந்தச் சேவைக்கு வட்டியும் இல்லை, வாடகையும் இல்லை. இதை ஒரு வைப்பகம் என்று அழைக்காமல் சில்லறைக்கடை என்று அழைத்துவந்தது நம் கவனக்குறைவு. 2020 ஒக்டோபருக்குப் பிறகு இந்த வைப்பகத்தை நம்ப முடியாமற் போனது. யாருக்காவது தொற்று என்று செய்தி வந்தால் ஒரே காலையில் நகரம் மூடும். அட்வான்ஸ் கொடுத்த உடுப்பு உள்ளே, கொடுத்தவர் வெளியே. நத்தார் முடிந்து பொங்கலுக்குக் கதவு திறந்தால் அந்த உடுப்பு மதம் மாறிப் பொங்கல் உடுப்பாகியிருக்கும். ஆகவே கிடைத்த நாளில் கிடைத்ததை முழுக்காசும் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடு என்பதே அறிவுடைமையானது. ‘முன்கூட்டி வாங்கு’ என்ற உலக அறிவுரைக்கு உடப்புசல்லாவையில் நடைமுறைப் பொருள் இவ்வளவுதான்: கடைக்காரரின் மேல்தட்டைத் தலையில் சுமந்து காம்பராவுக்குக் கொண்டுவா.

காம்பராவில் ஒளிப்பிடங்கள் மொத்தம் எத்தனை? றங்குப்பெட்டி முதலில் நினைவுக்கு வரும். பூட்டு உண்டு என்பது அதன் பெருமை. பூட்டியிருக்கிறது என்பதே அதன் காட்டிக்கொடுப்பு. வருடத்தில் பத்து மாதம் திறந்து கிடக்கும் பெட்டியில் ஒக்டோபரில் பூட்டுத் தொங்கினால், கணிதம் தெரியாத பிள்ளைக்கும் விடை தெரியும். அத்துடன் மூடி தகரம். திறக்கும் கிறீச்சொலி இந்தக் காம்பராவோடு நிற்காது. பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரையைத் தொடுவதில்லை; முதல் காம்பராவில் பெட்டியின் மூடி திறந்தால் கடைசிக் காம்பராவில் ஒருவர், “என்ன, புள்ளைக்கு எடுத்தாச்சா?” என்பார். இரண்டாவது இடம் அடுப்புக்கு மேலுள்ள விறகுப் பரண். காய்ந்த இடம் வேண்டுமென்றால் இந்த மழையில் வீட்டுக்குள் அது ஒன்றுதான். ஆனால் அங்கே நாற்பது நாள் இருந்த சட்டை கோவிலுக்கு வரும்போது புகைபோட்ட கருவாட்டின் மணத்தோடு வரும். புகையா ஈரமா என்பது இத்துறையின் அடிப்படை இருதலைக் கொள்ளி. கொழுந்து வாட்டும் மாடியில் ஸ்டோர்க்காரர்கள் அன்றாடம் அவிழ்க்கும் அதே முடிச்சு. அவர்களிடம் ஊதும் காற்று உண்டு, தாயிடம் ஊதுகுழல்தான் உண்டு. அரிசி வாளி, தலையணை உறை, சாமிப்படத்தின் பின்புறம் என்று பிற இடங்களும் உள்ளன. இவற்றில் சாமிப்படத்தின் பின்புறம் அறிவியல்ரீதியாகச் சிறந்தது என்றாலும் சப்பாத்தை அங்கே வைக்க மனம் வராது. புகைக்கூண்டு வழியாக நத்தார் தாத்தா இறங்குவார் என்ற மேனாட்டு ஏற்பாடு தோட்டத்தில் துரை பங்களாவுக்கு மட்டுமே பொருந்தும்; அங்கே கணப்படுப்பும் அதற்கேற்ற புகைக்கூண்டும் உண்டு. லயத்து அடுப்பின் வழியாக அவர் வந்தால் முதலில் பரணில் மோதிக்கொள்வார், பரிசும் வெளிப்பட்டுவிடும்.

இடம் தீர்மானமான பிறகுதான் பொருள். உலக வழக்கம் நேர்மாறு: பொருளைத் தெரிவுசெய்துவிட்டு இடம் தேடுவார்கள். நம் துறையில் இடமே பொருளைத் தெரிவுசெய்கிறது. மழைக்குடை நல்ல பரிசு, பயனும் உண்டு. ஆனால் அதன் நீளம் எந்த வாளிக்கும் அடங்காது. கோழிக்குஞ்சு மிகச் சிக்கனம். செப்டம்பரில் குஞ்சாக வாங்கினால் டிசம்பரில் கோழியாகிக் கையிலிருக்கும். எந்தச் சீட்டிலும் இந்த வட்டி கிடையாது. ஆனால் சேவலாகிப்போனால், விடிகாலையில் தன் இருப்பிடத்தைத் தானே கூவி அறிவிக்கும் பரிசு உலகில் வேறில்லை. ரவையும் கஜுவும் பூசணித் தோசியும் சேர்த்துச் செய்யும் நத்தார்க் கேக், செய்து வாரக்கணக்கில் கிடக்கக் கிடக்கச் சுவை கூடும். ஒளித்து வைப்பதால் மதிப்புக் கூடும் பொருள் இது ஒன்றுதான், ஆனால் அதற்கான சாமான் பட்டியல் பேர்க்கணக்கில் எட்டாத உயரத்தில் இருக்கும். அந்த ஆண்டு எதிர்பாராத வேட்பாளர் ஒன்று களத்தில் குதித்தது. மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு, கிலோ பல ஆயிரம் ரூபா என்று ஏறி, தமிழ்நாட்டுக் கரையிலிருந்து படகில் கடத்தி வந்தவர்கள் பிடிபடும் அளவுக்கு அது பொன்னானது. மகள் வீட்டுக்கு நூறு கிராம் மஞ்சள் கொண்டுபோவது சம்பந்திகள் முன்னால் கௌரவமான பரிசாகிவிட்டது. கையளவு, கனமில்லை, ஒளிப்பதற்கு ஏற்றது. ஒட்டிய மஞ்சள் கறை மட்டும் கையிலிருந்து போகாது. இவை எல்லாவற்றையும் இடமே வேண்டாத ஒரு பரிசு வென்றது: கைபேசி ரீலோட். கொழும்பில் நின்றுபோன பிள்ளை தங்கையின் இலக்கத்துக்கு அதை அனுப்பிவிடலாம். சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று இணையவழியில் பாடம் படித்த பிள்ளைகளுக்கு அது பயனும் உள்ளது. ஆனால் அது வந்து சேரும்போதே செய்தி அடித்துத் தன்னைத்தானே அறிவிக்கும். ஒளிக்க முடியாததைப் பரிசு என்று ஏற்பதா, கொடுப்பனவு என்று வகைப்படுத்துவதா என்பதில் எனக்கே தெளிவில்லை. கொடுப்பனவு என்ற பக்கமே என் மனம் சாய்கிறது.

இனி மறுப்புகள். முன்கூட்டி வாங்கினால் பிள்ளை வளர்ந்துவிடாதா, சப்பாத்து கடிக்காதா என்பது முதலாவது. வளரும் பிள்ளைக்கு ஓர் அளவு பெரிதாக எடுக்கும் மரபு இந்த மறுப்புக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே விடை சொல்லிவிட்டது. முனையில் பஞ்சு வைத்த சப்பாத்துக்கு 41 நாள் ஒரு பொருட்டல்ல. அடுத்த நத்தாரையும் அது எதிர்கொள்ளும். இரண்டாவது மறுப்பு கனமானது. காசைப் பொருளாக்கி முடக்காமல் கையில் வைத்திருந்தால் அவசரத்துக்கு ஆகுமே என்பார்கள். அதுதான் ஆபத்து. லயத்தில் கையிலுள்ள காசு ஒரு பொதுச்சொத்து. மருந்துக்கு, மரண வீட்டுக்கு, கொப்பிக் கணக்குப் பாக்கிக்கு என்று ஒவ்வொரு நாளும் அதற்கு நியாயமான உரிமைக்காரர் ஒருவர் வந்து நிற்பார். ஆறு வயதுப் பிள்ளையின் சப்பாத்தைக் கடன் கேட்டு ஒருவரும் வரமாட்டார். ஆகவே முன்கூட்டி வாங்கிய பரிசு, உரிமைக்காரரைத் திருப்பியனுப்ப வேண்டிய சங்கடமில்லாத சேமிப்பு. ஜனவரியில் பள்ளித் தவணை தொடங்குவதால் அதே சப்பாத்து இரண்டு செலவுகளையும் ஒன்றாகத் தாங்கும். பாடநூலும் சீருடைத் துணியும் அரசு தருவதால் அவற்றைப் பரிசாக்க வழியில்லை. சப்பாத்தும் புத்தகப்பையும் கொப்பியும்தான் தாய்க்கு விடப்பட்ட இடைவெளி.

மூன்றாவது மறுப்பு அமெரிக்காவிலிருந்து வருகிறது. ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளியலாளர் 1993இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், நத்தார்ப் பரிசுகளின் மதிப்பில் 10 வீதத்திலிருந்து மூன்றிலொரு பங்குவரை வீணாகிறது என்று கணித்தார். கொடுத்தவர் செலவழித்த அளவுக்குப் பெற்றவர் அந்தப் பொருளை மதிப்பதில்லை, காசாகவே கொடுத்திருந்தால் மேல் என்பது அதன் சாரம். மாணவர்களிடம் கேட்கும்போது உணர்ச்சி மதிப்பை நீக்கிவிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். உப்பை நீக்கிவிட்டுக் கருவாட்டைச் சுவைக்கச் சொன்னது போல. அதை விட்டாலும், கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் தனித்தனிப் பணப்பை இருந்தால்தான் அவர் கணக்கு ஓடும். ஒரே அஞ்சறைப்பெட்டியின் அடியில் மடித்து வைத்த தாளை எடுத்து மகனுக்குக் கொடுத்தால், அவன் அதை மறுபடி எங்கே வைப்பான்? அதே அஞ்சறைப்பெட்டியின் அடியில்தான். பிறகு அது மண்ணெண்ணெயாகும். சிக்கனத்தை வற்புறுத்தியவர்களில் வால்ட்ஃபோகலைவிட 1918ஆம் ஆண்டின் அமெரிக்க தேசியப் பாதுகாப்பு மன்றம் எனக்கு நெருக்கமாகத் தெரிகிறது. போரும் இன்ஃபுளுவென்சாவும் ஒன்றாய் வந்த அந்த ஆண்டில், நத்தார்க் கொள்வனவை ஒக்டோபர் முதலே பரவலாகச் செய்யுங்கள், பயனுள்ள பொருளையே கொடுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் இந்த விதி தளரலாம் என்று அது மக்களைக் கேட்டுக்கொண்டது. லயத்துத் தாய்க்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை; அந்தக் கடைசித் தளர்வு ஒன்றை மட்டும் அவள் ஒருபோதும் மன்றத்திடம் கேட்டுச் செய்ததில்லை.

வேதசாஸ்திரிகள் பக்கமிருந்து ஒரு குறுக்கு விசாரணை வரலாம்: முதல் நத்தாரின் பரிசே தாமதமாகத்தானே வந்தது, கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளின் திருநாளைச் சபை ஜனவரி 6இல் அல்லவா கொண்டாடுகிறது? உண்மை. ஆனால் பொன்னையும் தூபவர்க்கத்தையும் வெள்ளைப்போளத்தையும் அவர்கள் பெத்லகேம் கடைத்தெருவில் வாங்கவில்லை; புறப்படுமுன்பே தேசத்தில் வாங்கிவிட்டார்கள். வாங்கியது முன்கூட்டி, வந்தது பிந்தி, இடையில் ஏரோதின் ஆட்சி. திரும்பும்போது வந்த வழியை விட்டு மாற்றுப்பாதை பிடித்ததையும் பார்த்தால் பயணக் கட்டுப்பாட்டுக் காலத்துப் பரிசுக்கு இவர்களே முன்னோடிகள். சொல்லாராய்ச்சியும் என் பக்கமே. நத்தார் என்பது போர்த்துக்கேய நத்தாலிலிருந்து வந்த சொல் என்று அகராதிகள் சொல்லும். தமிழிலேயே ‘நத்து’ என்றால் விரும்பு; ‘நத்தார்’ என்றால் விரும்பாதவர். பேராசை இல்லாத பண்டிகை என்று பொருள் கொண்டால் சிக்கனத்துக்கு இலக்கணமும் கைகொடுக்கிறது. போர்த்துக்கேயர் இதை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

கடைசி மறுப்பே என் கருதுகோளின் கழுத்தைப் பிடிப்பது. பத்தடிக்குப் பன்னிரண்டடியில், ஐந்தாறு பேர் படுத்தெழும் இடத்தில், 41 நாள் எதையும் ஒளிக்க முடியாது. பிள்ளை இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடும். இல்லாத ரகசியத்துக்கு ஏன் ஒரு துறை? கண்டுபிடித்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பரணும் வாளியும் பெட்டியும் இதுவரை தோற்ற விதத்தைப் பார்த்தால் வேறு முடிவு சாத்தியமில்லை. ஆனால் மார்செல் மோஸ் 1925இல் வெளிவந்த கொடை பற்றிய தம் ஆய்வில் மூன்று கடமைகளைச் சொன்னார்: கொடுப்பது, பெறுவது, திருப்பிக் கொடுப்பது. ஆறு வயதுப் பிள்ளை எதைத் திருப்பிக் கொடுக்கும்? அதனிடம் இருப்பது ஒன்றுதான்: கண்டதைக் காணாதது போலிருப்பது. பரண் பக்கம் பார்வை போகாமல் விறகு எடுத்துத் தருவது, பெட்டி கிறீச்சிட்டால் அந்நேரம் பார்த்து இருமுவது, பக்கத்துக் காம்பராச் சிறுவன் “ஒனக்குச் சப்பாத்தாமே” என்றால் “எனக்கென்ன தெரியும்” என்பது. 41 நாள் இந்த நடிப்பு எளிதல்ல. கடையில் ஒளித்த காலத்தில் தாய் மட்டுமே ரகசியத்தைச் சுமந்தாள். ஒற்றைச் சம்பளமும் பூட்டிய நகரமும் சேர்ந்து பிள்ளையையும் அதில் பாதிக்குப் பங்காளியாக்கின. ஒளிப்பிடம் பறிபோனது பெரிய இழப்பு என்று மேலே எழுதியதை நான் திரும்பப் பெறவில்லை. கணக்கின் மறுபக்கத்தில் இப்படியொரு வரவு இருந்ததை மட்டும் பதிகிறேன்.

இதற்குப் பௌதிகச் சான்று ஒன்றே ஒன்று கிடைக்கக்கூடும். 24ஆம் திகதி இரவு, மழை தகரத்தில் அடிக்க, பெட்டியைத் திறந்து தாய் சப்பாத்தை வெளியே எடுக்கிறாள் என்று கொள்வோம். யாரும் போடாத சப்பாத்தின் அடியில் லேசாகச் சிமெந்துத் தூசி ஒட்டியிருக்கும். முனையிலிருந்த பஞ்சும் வைத்த மாதிரி இருக்காது. தாய் முந்தானையால் அடியைத் துடைத்து, பஞ்சைப் பழையபடி திணித்து, தாளில் சுற்றுவாள். தூசி யாருடைய நடையில் வந்தது என்று அவள் விசாரிப்பதில்லை. இத்துறைக்கும் அதை விசாரிக்கும் அதிகாரமில்லை.